ஓரம் வெட்டிய படம்

ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. அண்ணி சுகம். நானும் சுகம் என்று எழுதினால் அடுத்த வரியில் மாற்றி எழுத வேண்டியிருக்கும், அதனால் அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். உனக்கு இருமல் விட்டதா?

தெருமுனைக் கடை போனில் பேசினால் எட்டுப் பேர் காது கொடுத்துக் கேட்பார்கள், அதனால்தான் கடிதம். அக்டோபரில் ஒருநாள் எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் சிவப்புச் சாயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷமாகச் சாயத் தொட்டி பக்கத்தில் நிற்கிறவனுக்கு வியர்வையே கலராகத்தான் வரும். மூக்கைச் சிந்தினால் நீலம், கழுத்தைத் துடைத்தால் பச்சை. இதுவும் அதுதான் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் பட்டறையில் நீலம் ஓடியது. எனக்கு மட்டும் சிவப்பே வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. உன் அண்ணன் அறிவு அவ்வளவுதான், சிரித்துக்கொள்.

சிறுநீர்ப்பையில் கட்டியாம். போன செவ்வாய்க்கிழமை குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். எடுத்த துண்டைப் பார்க்க இங்கே வசதியில்லை, உங்கள் லேபுக்குத்தான் வருகிறது. எத்தனையோ பேருடையதை வெட்டுகிறாய். இதைக் கொஞ்சம் மரியாதையாக வெட்டு.

அண்ணி அழவில்லை. பள்ளிக்கூட ஆபீசில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள் இல்லையா, என்னையும் ஒரு நோட்டில் ஏற்றிவிட்டாள். மாத்திரைக்கு ஒரு டிக், தண்ணீருக்கு ஒரு டிக்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது. அதைக் கேட்க இதுதான் நேரமா? மூன்று மாதம் ரத்தமாகப் போயிருக்கிறது, ஒரு வரி எழுதவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் உன்னை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

துண்டு வந்தது. சீட்டில் உன் பெயர் இருந்தது. மெழுகில் உறைய வைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஏந்தி எடுப்பதுதான் என் வேலை. பதினான்கு வருஷமாகச் செய்கிறேன். உன்னுடையதில் முதல் இரண்டு சீவலும் கிழிந்துவிட்டன.

பயப்படாமல் படி. கட்டி மேலாகத்தான் இருக்கிறது, பையின் தசைச் சுவருக்குள் இறங்கவில்லை. அது நல்லது. ஆனால் முரட்டு ரகம். எடுத்தாலும் மறுபடி முளைக்கப் பார்க்கும். அதனால் ஆறு வாரம் ஒரு மருந்தைக் குழாய் வழியாகப் பைக்குள் விடுவார்கள். காசநோய்த் தடுப்பூசியில் இருக்கிற அதே பலம் குறைந்த கிருமி. அது உன் உடம்பின் எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடும், அவை வந்து மிச்சம் மீதியை அடிக்கும். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமராக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அதை மட்டும் தவறவிடாதே.

இங்கே பெரிய டாக்டர் ஒரு ஆராய்ச்சி செய்கிறார். எடுத்த கட்டிக்குள் அந்த எதிர்ப்புச் செல்கள் எத்தனை இருக்கின்றன, எங்கே நிற்கின்றன, அதற்கும் கட்டி திரும்பி வருவதற்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறார். அந்தச் செல்களை மட்டும் காப்பிப் பொடி நிறத்தில் காட்டுகிற சாயம் ஒன்று உண்டு. நீ துணிக்குப் போடுகிறாய், நான் தசைக்குப் போடுகிறேன். உன் துண்டு ஆராய்ச்சியில் சேர்ந்ததில்லை. ஆனால் மிச்சச் சாயம் கொஞ்சம் இருக்கிறது. பார்க்கட்டுமா?

அண்ணிக்கு என் அன்பு. அவர்கள் நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்.

தங்கச்சி


பிப்ரவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு வாரம் மருந்து விட்டாகிவிட்டது. விட்ட பிறகு இரண்டு மணி நேரம் அடக்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம். வாழ்க்கையில் எதையுமே அடக்கி வைக்காதவன் நான், இது பெரிய தண்டனை. மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், திட்டு வாங்குகிறேன். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

கட்டாயம் பார். பார்க்கட்டுமா என்று வேறு கேட்கிறாயே. நம்ம ஆட்கள் எத்தனை பேர் என்று எழுது. ஒன்று மட்டும் கவனி. சாயக்காரன் கேட்கிற கேள்வி இது. நூலில் சாயம் மேலோடு நின்றால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், நாலு சலவையில் போய்விடும். நடுவரை இறங்கியிருந்தால்தான் நிற்கும். உன் ஆட்கள் கட்டிக்குள்ளே இறங்கியிருக்கிறார்களா, வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்களா? அதைப் பார்த்து எழுது. முடிந்தால் ஒரு சாம்பிள் படம் அனுப்பு.

அண்ணி உன்னை விசாரித்தாள். நல்ல சேதி வந்தால் உனக்குப் புடவை எடுத்துத் தருவாளாம். சாயம் போகாத புடவையாகப் பார்த்து நான் சொல்கிறேன்.

உன் அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, தலைக்கு மேல் வேலை. காய்ச்சல் வருகிறதா? எரிச்சல் எப்படி? பசி எடுக்கிறதா? தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய்? அண்ணிக்கு முதுகுவலி தேவலையா?

இதோடு படம் வைத்திருக்கிறேன். பழுப்பாகத் தெரிவதெல்லாம் உன் ஆட்கள். நிறைய இருக்கிறார்கள். எண்ணி எண்ணிக் கண் வலித்துவிட்டது. தைரியமாக இரு.

ஆறு வார மருந்தையும் முடித்துவிடு. நான் நன்றாக இருக்கிறேன்.

தங்கச்சி


மார்ச் 15

அன்புத் தங்கச்சிக்கு,

வீட்டில் கல்யாணக் களைதான் போ. உன் அண்ணி அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்த் தலைமையாசிரியரிலிருந்து கூட்டுகிறவர் வரை காட்டிவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் உடம்புக்குள்ள எவ்வளவு பேரு காவல் நிக்கறாங்க பாருங்க" என்கிறாள். தபால்காரரும் பார்த்துவிட்டார். முதல்முறையாக என்னைப் பார்த்து அவளுக்குப் பெருமை வந்திருக்கிறது, அதுவும் என் மூத்திரப்பையைப் பார்த்து.

படத்தில் ஒரு ஓரத்தைக் கத்தரித்திருக்கிறாய். கவருக்கு அடங்கவில்லை போலிருக்கிறது.

மருந்து முடிந்தது. சோர்வு உண்டு, வேறொன்றுமில்லை. பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை பார்.

உன் அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

ஏப்ரல் பதினான்காம் தேதி கேமராக் குழாய் பார்க்கும் நாள். மறந்துவிடாதே. அந்தப் படத்தை நம்பி இதை விட்டுவிடக் கூடாது. படம் வேறு, பரிசோதனை வேறு. பெரிய டாக்டரே சொல்கிறார், இந்த எண்ணிக்கை நூறு பேரைச் சேர்த்து வைத்துப் பேசினால் ஏதாவது சொல்லும், ஒரு ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று. நான்தான் அவசரப்பட்டு அனுப்பிவிட்டேன். இன்னும் ஏதோ எழுத நினைத்தேன், மறந்துபோயிற்று. போய்விட்டு வந்து ஒரு வரி போடு.

தங்கச்சி


ஜூன் 11

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத நேரமே கிடைக்கவில்லை. பட்டறையில் புதுத் தொட்டி வந்திருக்கிறது. பொத்தானை அமுக்கினால் சூடு தானாக ஏறுகிறது. வெறுங்கையை ஆவியில் காட்டிச் சூடு பார்த்த எங்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. மழை நன்றாகப் பெய்தது. கூரையில் ஒரு இடம் ஒழுகி, நானே ஏறி அடைத்தேன், அந்த அளவுக்குத் தெம்பாக இருக்கிறேன் என்று தெரிந்துகொள். எதிர்வீட்டு ஓட்டுநர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார். அது அவரைத் தவிர எல்லோர் பேச்சையும் கேட்கிறது.

அண்ணி நலம். எல்லாம் நல்லபடி. நீ வீணாகக் கவலைப்படாதே.

உன் அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நாயைப் பற்றி இருக்கிறது, கூரையைப் பற்றி இருக்கிறது. ஏப்ரல் பதினான்கைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

போனாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. இந்த மாதம் அடுத்த முறை வருகிறது. கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு.

தங்கச்சி


ஆகஸ்ட் 19

என் நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நலமில்லை.

உன் அண்ணனுக்கு மறுபடி ரத்தம். இந்த முறை அடைத்துக்கொண்டு துடித்துவிட்டார். ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். கட்டி தசைக்குள் இறங்கிவிட்டதாம். நுரையீரலிலும் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதாம். பையை எடுத்துப் பிரயோஜனமில்லை என்கிறார்கள். மருந்து கொடுக்கிறார்கள், எவ்வளவு நாள் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரலிலும் ஜூலையிலும் அவர் பரிசோதனைக்குப் போகவில்லை. அது என் தவறுதான். ஏப்ரலில் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பியவர், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். நான் சண்டைக்குப் போனேன். உன் படத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "லேபுல இருக்கறவ எழுதியிருக்கா, உனக்கு அவளைவிடத் தெரியுமா?" என்றார். உண்மைதானே, எனக்கு என்ன தெரியும்.

இங்கே டாக்டரிடமும் அந்தப் படத்தைக் காட்டினேன். இவ்வளவு பேர் இருந்தும் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ மனதை விட்டுவிடாதே. நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய். எங்கள் நேரம் சரியில்லை, அவ்வளவுதான்.

அண்ணி


ஆகஸ்ட் 24

அண்ணா,

இதை நீ மட்டும் படி.

லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்த மறுநாளே கிளம்பி வருவேன். முகத்தைப் பார்த்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும், அதனால் முன்னாலேயே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் உன் சீவலுக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். செல்கள் நிறைய இருந்தன. அது பொய்யில்லை. ஆனால் அத்தனையும் கட்டியைச் சுற்றி வெளியே நின்றன. உள்ளே மற்ற செல்களின் நீலம் மட்டும்தான். நுண்ணோக்கியில் தெரிகிற வட்டம் முழுக்கத் தேடினால் பழுப்பு ஒன்றோ இரண்டோ. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் தேடினேன். வேறு சீவல் எடுத்து மறுபடி சாயம் போட்டேன். அப்படியேதான் இருந்தது. நீ கேட்டிருந்தாய், உள்ளே இறங்கியிருக்கிறார்களா என்று. அந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. மூன்றரை வாரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கட்டி தெரிகிற பக்கத்தைக் கத்தரித்துவிட்டு, கூட்டம் தெரிகிற பக்கத்தை மட்டும் அனுப்பினேன்.

ஒரு ஆளைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது என்று பெரிய டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்குத் திரும்பி வராமலே போயிருக்கலாம். அப்போது நான் சொன்னது நல்ல வார்த்தையாக முடிந்திருக்கும். நீ பரிசோதனைக்குப் போயிருந்தாலும் நல்லபடியாக முடிந்திருக்கும். மேலாக இருக்கும்போதே எடுத்திருப்பார்கள். நீ போகாமல் இருப்பதற்கு என் படம் காரணமாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏப்ரலில் தோன்றியது. அப்போதும் உண்மையை எழுதாமல் தேதியை மட்டும் எழுதினேன்.

உன்னை நான் கொன்றுவிட்டேன் அண்ணா. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தங்கச்சி


செப்டம்பர் 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கிற கட்டத்தை இந்த முறை தாண்டிவிடுவோம். இருவருக்கும் நலமில்லை.

கடிதம் கிடைத்தது. இவ்வளவு அழுதிருக்கிறாய், காகிதம் பொத்தலாகிவிட்டது. ஒன்று சொல்கிறேன், அழாமல் கேள். வெட்டியது எனக்கு அன்றைக்கே தெரியும். இருபத்தாறு வருஷம் துணி வாங்க வருகிறவர்களுக்குச் சாம்பிள் வெட்டிக் கொடுத்தவன் நான். சாயம் திட்டாக விழுந்த இடத்தை விட்டுவிட்டு நல்ல இடமாகப் பார்த்துத்தான் வெட்டுவேன். என்னிடமே சாம்பிள் வேலை காட்டுகிறாளே என்று சிரிப்புக்கூட வந்தது. நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை, அதுவே பதில்தானே. அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்பாய். வலிக்குப் பயந்து இல்லை. குழாயை விட்டுவிட்டு டாக்டர் திரையைப் பார்ப்பார். நான் படுத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்க வேண்டும். அது என்னால் முடியவில்லை. முதல் தடவை அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்கத் தைரியம் வரவில்லை. அண்ணி விடமாட்டாள் என்று தெரியும். அவள் வாயை அடைக்க உன் படம் இருந்தது. உன் பொய் என்னை ஏமாற்றவில்லை, அவளை ஏமாற்ற நான்தான் அதை எடுத்துக்கொண்டேன். ஆக, கொன்ற பழியில் பெரிய பங்கு எனக்கு, அதை நீ தட்டிப் பறிக்காதே.

உன் மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. நாள் குறைச்சலாக இருக்கிறது, கோபத்துக்கு லீவு கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒன்றே ஒன்று. அண்ணியிடம் சொல்லாதே. நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். இதைக் கிழித்துப் போடு. உன்னுடையதை நான் கிழித்துவிடுகிறேன்.

சீக்கிரம் வா. வந்து பக்கத்தில் உட்கார். எதையும் எண்ண வேண்டாம்.

உன் அண்ணன்


அக்டோபர் 21

என் நாத்தனாருக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், இன்றைக்கு என்னால் கேட்க முடியவில்லை.

உன் அண்ணன் போய் இன்றோடு பதினெட்டு நாள். நேற்று அவர் ஆஸ்பத்திரியில் போட்டிருந்த சட்டைகளைத் துவைக்க எடுத்தேன். ஒன்றின் பையில் உன் ஆகஸ்ட் 24 கடிதம் இருந்தது. கிழிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. உன் கையெழுத்து என்பதால் வைத்திருப்பார்.

நான்கு தடவை படித்தேன். அவருக்கு மார்ச்சிலேயே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாதா அவரை? துணியைத் தொட்டே எந்த இடத்தில் வெட்டியது என்று சொல்லிவிடுகிற மனுஷர். ஆக உங்கள் இருவருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் அந்தப் படத்தை நம்பினேன். பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டினேன். அவர் ஏன் ஒன்றும் பேசவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. உனக்கு வேறு ஆறுதல் எழுதினேன். கடைசிப் பதினொரு நாளும் நீ இங்கே இருந்தாய். ஆளுக்கொரு பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "நான்தான் அன்னைக்கு விட்டுட்டேன், இழுத்துட்டுப் போயிருக்கணும்" என்று நான் அழுதபோது இரண்டு பேருமே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொண்டிருப்பீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

உள்ளே யாரும் இல்லை என்று எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். எனக்கு அந்தச் செல்லும் தெரியாது, சாயமும் தெரியாது. ஆனால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிக்கொண்டு வருகிறவள் நான். அழுது, சண்டை போட்டு, தெருவே பார்க்க அவரை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அவர் உயிரோடு இருந்திருப்பாரா என்று தெரியாது. பரிசோதனைக்குப் போயிருப்பார், அது தெரியும். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் என்னிடம் மறைத்தார். உனக்கும் தெரியும்.

மன்னிக்கச் சொல்லி எழுதாதே. கடிதமே எழுதாதே. கடிதத்தில் எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. நான் கத்துவேன், நீ எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர் மேலும் கோபம் இருக்கிறது, அதையும் உன்னிடம்தான் கத்த வேண்டியிருக்கிறது. அவரைத் திட்டினால் வலிக்கிற ஆள் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணி